பட்டியலில் ஐந்தாவது வரி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பதினாறு நாள். மெயிலையும் திறப்பதில்லை. அன்று அம்மா அறையில் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று, "எது சொல்றதா இருந்தாலும் எழுதித் தபால்ல போடு, எனக்கு எப்ப நேரம் கிடைக்குதோ அப்பப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுதிவிட்டேன். பேனா பிடித்துப் பல வருடம் ஆனதால் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பிசியோதெரபி செய்ய வந்தவர் பக்கத்தில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. போர்வை மூன்று நாளாக அதே போர்வையாக இருந்தது, கண்ணில் பட்டது, கேமரா வழியாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அதற்காக அக்கா தங்கை உறவையே அறுத்துக்கொள்வாயா?

அது கிடக்கட்டும். இப்போது விஷயம் வேறு. கேமராவில் அம்மாவின் படம் உறைந்து உறைந்து வருகிறது. நேற்று பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் அவள் படுக்கையில் பாதி இமை மூடியபடி அப்படியே உறைந்து கிடந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் கை அசைந்தது. இந்த ஊரில் நான் நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களின் நெட்டைச் சரிசெய்கிறேன். எனக்கென்று இருப்பது அம்மாவின் முகத்தைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடம்தான். அதையாவது பார்க்க விடு.

செய்ய வேண்டியது சுலபம். ரவுட்டரை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடு. ஜன்னலோரத்தில் இருந்தால் எடுத்து வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வை. மைக்ரோவேவ் பக்கத்தில் வைக்காதே. என்ன ஆயிற்று என்று எழுது.

உன் தங்கை

*

பிப்ரவரி 15

தங்கச்சிக்கு,

ரவுட்டரை அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன். அலமாரி மேல் ஏற்றி வைத்தேன். அதற்கு ஸ்டூல் போட்டு ஏறும்போது முட்டி பிடித்துக்கொண்டது. அதையெல்லாம் உன் கேமராவில் பார்க்க முடியாது, கூடத்தில் நடந்த விஷயம்.

ஒன்றும் சரியாகவில்லை. உனக்காக இதைச் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புகிற குறிப்புகளைத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்பினால்தான் எனக்குப் பிழைப்பு. வருகிற பதிவுகள் ஒழுங்காக வருகின்றன, ஆனால் போன வாரம் அனுப்பும்போது மூன்று கோப்புகள் பாதியில் நின்றுவிட்டன. மேற்பார்வையாளர் எச்சரிக்கை கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு தடவை என்றால் வேறு ஆள். அம்மாவை வைத்துக்கொண்டு வாசல் தாண்டிப் போய் வேலை பார்க்க என்னால் முடியாது. ஆகையால் நெட் எனக்கும் வேண்டும்.

போர்வை பற்றி ஒரு வார்த்தை. அது ஒரே போர்வை இல்லை. ஒரே நிறத்தில் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன், கறை தெரியாத நிறம். தினமும் ஒன்று மாறுகிறது, சில நாள் மூன்று மாறுகிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, தீர்ப்புச் சொன்னாய். அந்த பிசியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள். உன் குரல் வந்ததும் அம்மா கேமராவைப் பார்ப்பதில்லை. வாசலைப் பார்க்கிறாள். நீ வந்துவிட்டாய் என்று நினைக்கிறாள். நீ "பை பை" சொல்லிவிட்டுப் போன பிறகு ஒரு மணி நேரம் வாயைத் திறக்க மாட்டாள், ஸ்பூனைத் தட்டிவிடுவாள். உன் பத்து நிமிடத்துக்கு நான் கட்டுகிற வாடகை அது.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது. உன் கஸ்டமர்களிடம் பேசுகிற மாதிரி மரியாதையாக எழுது.

அக்கா

*

பிப்ரவரி 24

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

மரியாதை போதுமா? சரி, விளையாட்டு வேண்டாம்.

அம்மா வாசலைப் பார்க்கிறாள் என்பதை ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். குத்த வேண்டும் என்றுதான். குத்திவிட்டாய். இரண்டு நாள் நான் கேமராவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தேன். படம் முன்பைவிட மோசம்.

நீ சொல்வதைப் பார்த்தால் ரவுட்டரில் கோளாறு இல்லை. வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவது நன்றாக வருகிறது, வீட்டிலிருந்து வெளியே போவதுதான் திணறுகிறது. வெளியே போகிற பாதை எப்போதுமே குறுகலானது. யாரோ அதில் லாரியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு மேல் வீட்டுக்காரன் மீதுதான் சந்தேகம். நம் பாஸ்வேர்ட் அம்மா பெயரும் அப்பா இறந்த வருடமும். அது தெரியாதவர்கள் அந்தக் கட்டிடத்தில் யார் இருக்கிறார்கள்?

சொல்வதை அப்படியே செய். கம்ப்யூட்டரில் ரவுட்டரின் பக்கத்தைத் திற. முகவரியும் உள்நுழைகிற பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே "இணைக்கப்பட்ட கருவிகள்" என்று ஒரு பட்டியல் வரும். நம் வீட்டு வைஃபையில் யார் யார் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதில் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று இருக்கும். வெளியே போனது யாருக்கு அதிகம் என்று பார். பிறகு வீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக அணைத்து, எந்த வரி மறைகிறது என்று குறித்துக்கொள். கடைசியில் எது உன்னுடையது இல்லையோ அதைத் தடை செய். இரக்கமே பார்க்காதே.

பிறகு பாஸ்வேர்டை மாற்று. ஒரு சொல் போதாது, நீளமான வாக்கியமாக வை. யாராலும் யூகிக்க முடியாததாக இருக்க வேண்டும். ரவுட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்டையும் மாற்று. வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடு. பெட்டியின் முதுகில் பொத்தானை அமுக்கினால் பாஸ்வேர்ட் இல்லாமலே சேர்ந்துகொள்ளும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணை.

செய்து முடித்து எழுது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

*

மார்ச் 6

தங்கச்சிக்கு,

நீ எழுதியதை ஒரு வரி விடாமல் செய்தேன். நல்ல ஆசிரியை நீ.

பட்டியலில் ஐந்து வரி இருந்தது. போனை அணைத்தேன், ஒன்று மறைந்தது. டிவியை அணைத்தேன், ஒன்று மறைந்தது. அம்மாவின் கேமராவைப் பிடுங்கினேன், ஒன்று மறைந்தது. நான்காவது நான் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர். ஐந்தாவது வரிக்குப் பெயர் இல்லை, எண்கள் மட்டும். வெளியே அனுப்பியதில் மற்ற நான்கையும் கூட்டினாலும் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. அடேயப்பா, மேல் வீட்டுக்காரன் என்னதான் செய்கிறான் என்று ஏணிப்படி ஏறிப் போய்க் கேட்டேன். பாவம், பயந்து போய் தன் வீட்டு ரவுட்டரையே கொண்டுவந்து காட்டினான். அந்த மனிதனிடம் நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எழுதக் கை கூசுகிறது.

திரும்பி வந்து பார்த்தேன். ஐந்தாவது வரி அப்படியே இருந்தது. வீட்டில் அணைக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். சமையலறை அலமாரியில் இருக்கிற கடிகாரம். என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு நீ கொண்டுவந்து கொடுத்தாயே, அது. "நெட்ல இருந்து தானே டைம் எடுத்துக்கும்க்கா, நீ கைய வைக்கவே வேண்டாம்" என்று நீயே வைஃபையில் சேர்த்துவிட்டாய். அதன் பிளக்கைப் பிடுங்கினேன். ஐந்தாவது வரி மறைந்தது.

நேரம் தெரிந்துகொள்ள வேண்டிய கடிகாரம் நாள் முழுக்க வெளியே எதை அனுப்புகிறது? ஸ்க்ரூ டிரைவர் எடுத்தேன். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி இருக்கும் இல்லையா? கீழ்ப் புள்ளி புள்ளியில்லை. கண்.

பதின்மூன்று மாதம். நான் அழ வேண்டும் என்றால் சமையலறைக்குத்தான் போவேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

கடிகாரம் போனதும் கேமராவைத் திரும்பச் செருகிப் பார்த்தேன், அம்மாவின் படம் என் போனில் தண்ணீர் போல ஓடியது. என் கோப்பு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. ஆக, அம்மாவின் முகத்தை உனக்கு மறைத்தது நீயே வைத்த லாரிதான். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சத்தமாகவே சிரித்தேன். அம்மா பயந்துவிட்டாள்.

பிறகு மிச்சத்தையும் செய்தேன். ரவுட்டர் பாஸ்வேர்ட் மாறிவிட்டது. வெளியிலிருந்து வருகிற வழி அடைபட்டது. வைஃபைக்கு யாரும் யூகிக்க முடியாத நீளமான வாக்கியமாக வை என்றாய். "தங்கச்சி வந்து பார்த்துக்குவா" என்று வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிவதில் எனக்குக் கவலை இல்லை. அதைப் பயன்படுத்த வேண்டும் என்றால் நீ இந்த வீட்டுக்குள் வந்து நிற்க வேண்டும்.

என்னுடையது இல்லாததைத் தடை செய்யச் சொன்னாய். இரக்கம் பார்க்காதே என்றாய். கடைசியாக அம்மாவின் கேமராவையும் தடை செய்துவிட்டேன்.

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிற பட்டியல் அது. வாய் தானாகச் சொல்லும், கையும் தானாக எழுதிவிட்டது. கடிகாரம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. ஏன் தெரியுமா? அதைப் பார்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். முதல் ஒரு மாதம் பார்த்தேன். பாத்திரம் விளக்குகிறாய், துடைக்கிறாய், சுவரைப் பார்த்து நிற்கிறாய். மறுநாளும் அதேதான். சலித்துப் போய்விட்டது அக்கா. உன் வாழ்க்கையை ஒளிந்திருந்து பார்க்கக்கூட ஒன்றும் இல்லை.

ஏன் வைத்தேன் என்று கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். அந்தத் தடவை வந்தபோது அம்மாவின் மேல்கையில் நான்கு விரல் பதிந்த கன்றலைப் பார்த்தேன். "ரத்தம் லேசாகுற மாத்திரை, தொட்டாலே கன்னிடும்" என்றாய். நம்பத்தான் பார்த்தேன். பேச முடியாத ஒரு மனுஷியை உன் கையில் விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவது?

முதல் மாதப் பதிவு ஒன்றை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். தட்டில் அம்மாவின் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "இன்னைக்காவது போய்ச் சேரும்மா, என்னை விட்டுரும்மா" என்று சொல்கிறாய். உன் குரல், உன் முகம், தேதியோடு இருக்கிறது. ஊர் பார்க்க அன்னை தெரசா வேடம் போட்டது போதும். மாமாவுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். அம்மாவுக்கு ஒரே தம்பி, சும்மா இருக்க மாட்டார்.

அனுப்ப வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். கேமராவைத் திற. அவ்வளவுதான் நான் கேட்பது. ஒன்பது நாளாக அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. வேலையில் "உங்கள் இணைப்பைச் சரிபார்க்கிறேன், காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கேமராவைத்தான் திறந்து பார்க்கிறேன். டிசம்பர் வரை லீவு கிடையாது. உன் காலில் விழுகிறேன் என்றே வைத்துக்கொள்.

தங்கை

*

மார்ச் 27

தங்கச்சிக்கு,

மாமாவுக்குத் தாராளமாக அனுப்பு. அந்த வார்த்தையை அவர் என் வாயால் நேரிலேயே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "ஏதோ வேலை இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். ஒரு வருடம் ஆகிறது.

ஆமாம், சொன்னேன். அதற்கு முன்னும் சொல்லியிருக்கிறேன், பின்னும் சொல்லியிருக்கிறேன். கன்றல் மாத்திரையால் வந்ததும் உண்டு, என் விரலால் வந்ததும் உண்டு. எடை தாங்காமல் அம்மா கட்டிலிலிருந்து சரியும்போது எங்கே பிடிக்கலாம் என்று யோசிக்க நேரம் கிடைக்காது. கோபத்தில் பிடித்ததும் இரண்டு தடவை உண்டு. எண்ணிக்கை உனக்குத் தெரியட்டும். நீ ஒளித்து வைத்த கண்ணுக்கு இதெல்லாம் அகப்படவில்லை. பாத்திரம் விளக்குவதைப் பார்த்துச் சலித்துப் போய்விட்டாய். இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாம்.

கேமராவைத் திறக்கிறேன். நீ கேட்டபடியே.

கேமராவின் பின்னால் உள்ள துளையில் ஊசியால் குத்தி, நீ வைத்திருந்த பழைய அமைப்பை எல்லாம் அழித்தேன். இப்போது அது என் பெயரில் இருக்கிறது. நீ விருந்தாளி. அழைப்பு எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அம்மாவின் சத்தம் உனக்குக் கேட்கும், உன் சத்தம் இங்கே வராது. கேமராவின் சின்ன விளக்கையும் அணைத்துவிட்டேன், அம்மாவுக்கு எதுவும் தெரியாது. எந்தக் கருவி எத்தனை மணிக்கு நெட்டில் இருக்கலாம் என்று ரவுட்டரில் நேரம் குறிக்கலாம். ரவுட்டரில் நீ திறக்கச் சொன்ன பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது. காலை ஆறு முதல் ஏழு வரை குறித்திருக்கிறேன். உனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம்.

ஆறு மணிக்குத்தான் அம்மாவைச் சுத்தம் செய்வேன். துணியை அவிழ்த்து, புரட்டி, துடைத்து, முதுகில் இருக்கிற புண்ணுக்கு மருந்து வைத்து, போர்வையை மாற்றுவேன். போர்வை மாறுகிறதா என்று உனக்குச் சந்தேகம் இருந்ததே, தீரட்டும். முகம் மட்டும் வேண்டும் என்று கேட்காதே. எனக்கும் முகம் மட்டும் கிடைப்பதில்லை.

யார் எப்போது பார்த்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று எனக்கு ஒரு பட்டியல் வருகிறது. பட்டியல் பார்க்க நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய்.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்கா,

தயவுசெய்து மூடிவிடு.

முதல் நாள் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து திறந்தேன். அம்மாவின் முகம் தெரிந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் காட்டக்கூடப் போனேன். அப்புறம் நீ வந்தாய். போனைக் கவிழ்த்துவிட்டுக் கழிவறைக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். அந்தப் புண் அவ்வளவு பெரிது என்று நீ ஏன் சொல்லவே இல்லை? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பாய். தெரியாது. ஒன்றும் செய்திருக்க மாட்டேன்.

இப்போது என்னால் சாப்பிட முடியவில்லை. பன்னிரண்டு மணி நெருங்கினால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்து வைத்துவிடுகிறேன். பார்க்காமல் இருந்தால் நீ குறித்துக்கொள்வாய் என்று பார்க்கிறேன். நீ புரட்டும்போது அம்மா போடுகிற சத்தம் வேலையில் ஹெட்போனுக்குள்ளேயே கேட்கிறது. நேற்று ஒரு கஸ்டமர் பேசிக்கொண்டே இருந்தார், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். கேமரா ஓடுவது அவளுக்குத் தெரிகிறது அக்கா. என் முன்னால் கூசுகிறாள். என்னைத் தண்டிக்க அவளை நிர்வாணமாகக் காட்டுகிறாய். இதைவிட ஒரு பாவம் உண்டா? கடிகாரம் வைத்தது தப்பு. உன் வாழ்க்கையில் ஒன்றும் இல்லை என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. பதிவை அழித்துவிட்டேன். உன்னிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வேறு நேரத்துக்கு மாற்று. முடியாவிட்டால் அடியோடு மூடு. மூடினால் நிம்மதியாக இருக்கும் என்று என் கையாலேயே எழுதுகிறேன், போதுமா?

தங்கை

*

ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

மூட மாட்டேன்.

பாவம் என்றாய். சரி, என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன், ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் உன்னை நீயே ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்கிறாய். அம்மா கண்ணை மூடுவது உன்னால் இல்லை. நீ பார்ப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் மூடுவது என் முகத்தைப் பார்க்காமல் இருக்க. நான்கு வருடமாகக் காலை ஆறு மணிக்கு அவள் என்னைப் பார்த்ததே இல்லை. பெற்ற தாய் என் கை பட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறாள். நீ அதைச் சில நாள்தான் பார்த்தாய்.

திறந்திருப்பதை மூட என்னைக் கேட்பானேன்? போன் உன் கையில் இருக்கிறது. பார்க்காதே. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? பார்க்காமல் இருப்பது உனக்குச் சுலபம் இல்லை என்றால், அது சுலபமாக இருந்த நாட்களை நினைத்துக்கொள். அப்போதும் இதே ஆறு மணி இங்கே இருந்தது.

பட்டியல் வந்திருக்கிறது. போன வாரத்துக்கானதை எழுதுகிறேன், சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். திங்கள், இருபத்தெட்டு நிமிடம். செவ்வாய், பதினொன்று. புதன், நான்கு. நெட்டில் கோளாறு என்று எழுதிவிடாதே, ரவுட்டரைப் பார்த்தேன், எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு நீ வரவில்லை. நான் வந்தேன்.

அக்கா